கரகம் ஏறுமுன் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க!

கோயில் கொடைத் திருவிழா நடக்கும் ஊரில் கூட்டம் முழுக்கக் கோயிலுக்கு முன்னால்தான் நிற்கும். நீங்கள் என்னோடு பின்பக்கம் வந்துவிடுங்கள். சோறு பொங்கும் பந்தலைத் தாண்டி, ஜெனரேட்டர் புகையைத் தாண்டி, பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்து வராந்தாவுக்கு. அங்கேதான் கரகாட்டச் செட்டு இறங்கியிருக்கிறது. வேனிலிருந்து இறக்கிய தகரப் பெட்டிகள், சுருட்டிய பாய்கள், தவிலுக்குப் போர்த்திய பழைய சேலை, ஒரு வாளித் தண்ணீர், சன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிய கண்ணாடி. மேற்கே மலை முழுக்க மேகம். கடையநல்லூரை ஒட்டிய கிராமம் இது. குடியழைப்பு நேற்று ராத்திரியே முடிந்துவிட்டது. மதியக் கொடையும் முடிந்து, ஊர் சாப்பிட்டுவிட்டுச் சாமக்கொடைக்குக் காத்திருக்கிறது. நடுவில் கிடைக்கும் இந்தச் சாயங்கால நேரம் இருக்கிறதே, இதற்காகத்தான் நான் வந்தேன். ஆட்டத்தைவிட ஆட்டத்துக்கு முந்திய ஒரு மணி நேரம் எனக்கு உசத்தி!

வராந்தா மூலையில் மேக்கப் நடக்கிறது. அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசிய காலம் போய்விட்டது. இப்போது பேன்கேக், ரோஸ் பவுடர், கண்ணுக்கு மை, இமைக்கு மேலே பளபளவென்று ஜிகினாத் தூள். ஓர் அக்கா வாயில் மூன்று நான்கு ஊக்குகளைக் கவ்விக்கொண்டு இன்னொருத்திக்குச் சவுரி வைத்துக்கொண்டிருக்கிறார். ஊக்கு இல்லாமல் கரகாட்டம் கிடையாது, சத்தியமாக! சட்டை நழுவாமல் இருக்க ஊக்கு, கொண்டை அவிழாமல் இருக்க ஊக்கு, சம்கி வைத்த இடுப்புப் பட்டை ஏறாமல் இருக்க ஊக்கு. சலங்கை கட்டுவதற்கு முன்னால் கணுக்காலில் துணி சுற்றுகிறார்கள். தோல்வாரில் கோத்த மணிகள் நேரடியாகப் பட்டால் ராத்திரிக்குள் தோல் உரிந்துவிடும். கட்டும் முன் சலங்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். சின்னப் பெண்ணும் ஒற்றுகிறாள், வயதான தவில்காரரும் ஒற்றுகிறார்.

“ஏன்க்கா இந்த ஆட்டத்துக்கு வந்திய?” என்று கேட்டேன்.

ஊக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். “எங்கம்மா ஆடுனா, நான் ஆடுதேன். மேளச் சத்தம் கேட்டா வீட்டுக்குள்ள உக்கார முடியாது. அம்புட்டுத்தான். நீங்க என்னமோ பெருசா எழுதப் போறியளாக்கும்!”

பெரிதாகத்தான் எழுதப் போகிறேன். ஏனென்றால் அடுத்து அவர் செய்த காரியம் அப்படி. துணி மூடியிருந்த கரகத்தைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார். “தூக்கிப் பாருங்க.”

நினைத்ததைவிடக் கனம். பித்தளைச் சொம்பு, அதற்குள் அரிசி. சில செட்டில் மணல் போடுவார்களாம். மேலே கோபுரம்போல் அடுக்கு அலங்காரம், உச்சியில் கிளி. வேண்டுதலுக்காகத் தண்ணீரும் வேப்பிலையுமாக ஆற்றங்கரையிலிருந்தோ கிணற்றடியிலிருந்தோ எடுத்துவரும் சக்தி கரகம் வேறு. இது ஆட்டக் கரகம். கனம் தொந்தரவாக இருக்காதா என்று கேட்கத் தோன்றும். கனம்தான் துணை! வெறும் சொம்பு காற்றடித்தால்கூட நகரும். அரிசி நிறைந்த சொம்பு சின்ன அசைவுக்கெல்லாம் மசியாது. உயரமும் அப்படித்தான். உள்ளங்கையில் பென்சிலை நிறுத்திப் பாருங்கள், நிற்காது. துடைப்பத்தை நிறுத்திப் பாருங்கள், சமாளித்துவிடலாம். உயரமான பொருள் மெதுவாகச் சாயும், அது சாய்வதற்குள் அடியில் இருப்பவர் சரிசெய்துகொள்ளலாம். கரகத்தின் அடியில் இருப்பது ஒரு பெண்ணின் கழுத்து. இயற்பியல் வகுப்பில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் அந்தப் பாடத்தில் இன்னும் நல்ல மார்க் வாங்கியிருப்பேன்.

“தலை ஆடாது, கண்ணு ஓடாது, இடுப்புக்குக் கீழ எல்லாம் ஆடும்” என்று அக்கா சூத்திரத்தைச் சொல்லிவிட்டார். ஏணியில் ஏறுவதும், தாம்பாளத்தின் விளிம்பில் நிற்பதும், பின்னால் வளைந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண் இமையால் எடுப்பதும் இந்த ஒரு வரியில் அடங்கும். சொல்ல ஒரு வரி, பழக வருஷக் கணக்கு. வீட்டு முற்றத்தில் சின்னச் சொம்பில் தொடங்கி, அது விழுந்து நசுங்கி, அம்மாவிடம் அடி வாங்கி, மறுபடி தூக்கி வைத்துத்தான் இந்தக் கழுத்து வந்திருக்கிறது.

அந்தப் பக்கம் மேளம் சேர்ந்தாயிற்று. நையாண்டி மேளம் என்றால் நாகஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம். நாகஸ்வரக்காரர் சீவாளியை வாயில் ஊறவைத்துக்கொண்டிருக்கிறார், அதனால் எது கேட்டாலும் தலையாட்டல்தான் பதில். தவில்காரர் விரல்களுக்குக் கூடு மாட்டுகிறார். தமுக்கு அடிக்கும் பையனுக்கு இருபது வயது இருக்கலாம். பகலில் செல்போன் கடையில் வேலை. கொடை சீசன் வந்துவிட்டால் ராத்திரி இங்கே. அவன் வீட்டில் யாரும் மேளம் தொட்டதில்லை. “சும்மா வேடிக்கை பாக்கத்தான்ணே வந்தேன். அண்ணாச்சி ஒரு நாளு குச்சியைக் கையில குடுத்தாவ. விட முடியல” என்றான்.

எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது இங்கேதான். பாரம்பரியத்தைக் காப்பாற்ற வந்தேன் என்று இந்த வராந்தாவில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அக்காவை அம்மா இழுத்துவந்தாள். பையனைக் குச்சி இழுத்தது. அக்காவிடம் சவுரி வைத்துக்கொண்ட பெண், வீட்டுக் கடனை அடைக்க வந்ததாகச் சொன்னாள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாளக்காரர் இந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டு ஒரு வருஷம் வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். மேளம், கூலி, சாமி, கூட்டாளிகள் என்று இந்த நான்கும்தான் ஆளைச் சேர்க்கின்றன. இவை இருக்கும்வரை பாரம்பரியம் தன்னாலே நிற்கும். இவற்றில் ஒன்று அற்றுப்போனாலும் எத்தனை கருத்தரங்கு போட்டும் பிரயோசனமில்லை என்பது என் தீர்மானம். மீதிக் கட்டுரையும் இதைத்தான் சொல்லப்போகிறது. ஆனால் ரொம்பக் குதூகலமாகச் சொல்லப்போகிறது, எழுந்து போய்விடாதீர்கள்!

ஏனென்றால் இப்போது நாம் போவது கணியான் கூத்துக்காரர்கள் இருக்கும் வேப்பமரத்தடிக்கு.

சுடலை மாடன் கோயில் கொடை என்றால் நெல்லை, தென்காசிச் சீமையில் கணியான் கூத்து வேண்டும். இதைக் குலத்தொழிலாகச் செய்துவருகிறவர்கள் கணியான் சமூகத்தார், பழங்குடிப் பட்டியலில் உள்ள சின்னஞ்சிறு சமூகம். குழுவும் சின்னதுதான். கதை பாடும் தலைவர் அண்ணாவி, அவருக்குப் பின்பாட்டுப் பாட ஒருவர், மகுடம் அடிக்க இருவர், பெண் வேடம் கட்டி ஆட இருவர். இந்தச் சிறு கூட்டம் ஒரு ராத்திரி முழுக்க ஊரைத் தூங்கவிடாது.

மரத்தடியில் வைக்கோலைக் கொளுத்தியிருக்கிறார்கள். தீக்கு மேலே மகுடம் காய்கிறது. வட்டமான மரச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய வாத்தியம். ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். சாரல் அடிக்கும் ஊர் இது, ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும். அதனால் கொஞ்ச நேரம் சூடு காட்டுவது, விரலால் சுண்டிப் பார்ப்பது, முகத்தைச் சுளிப்பது, மறுபடி சூடு காட்டுவது. சுண்டும்போது கேட்பதற்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் எனக்கு இருந்தது. பெரியவருக்கு அப்படி இல்லை. பத்துப் பதினைந்து சுண்டலுக்குப் பிறகு திடீரென்று தலையை நிமிர்த்தி “ஆங்!” என்றார். அந்த “ஆங்!” வந்த பிறகு உச்சத்தையும் மந்தத்தையும் சேர்த்து ஓர் அடி அடித்தார்கள் பாருங்கள், எனக்கு முதுகுத் தண்டு சிலிர்த்துவிட்டது. சமையல் பந்தலில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த ஆள்கூட ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தார்.

பெண் வேடம் கட்டுகிற இருவரில் ஒருவர் நடுத்தர வயது, இன்னொருவர் இளைஞர். பேன்ட் சட்டையோடு பைக்கில் வந்து இறங்கியவர். சேலை கட்டுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் நாலு நிமிஷம் இருந்தால் அதிகம். கொசுவம் எண்ணி மடித்து, சொருகி, முந்தானையை இறுக்கிக் கட்டி, சலங்கையும் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது நடையே மாறிவிட்டது. நடிப்பாக எனக்குத் தெரியவில்லை. கால் தானாக வேறு நடை நடக்கிறது. மகுடத்தின் அடிக்கு ஏற்ப முன்னால் போய்ப் பின்னால் வந்து, சாமியைப் பார்த்தபடியே ஆடும் ஆட்டம் இது. கூட்டத்துக்காக ஆடுவது அப்புறம்தான், முதல் பார்வையாளர் சுடலை.

அண்ணாவி மட்டும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கயிலாயத்தில் பிறந்து சுடுகாட்டுக்கு வரும் சுடலையின் கதையை அவர் விடியவிடியப் பாட வேண்டும். கையில் காகிதமில்லை. சாமியாடிக்கு அருள் வர வேண்டிய இடம் எது, எந்த இடத்தில் அடியைக் கூட்ட வேண்டும், எந்த இடத்தில் கதையை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மனசில் இருக்கிறது. சில கோயில்களில் சாமக்கொடையின்போது கைவெட்டும் உண்டு. கணியான் தன் கையைக் கீறி ரத்தத்தைச் சாமிக்குப் படைப்பார். இந்தக் கூத்தைக் கலைநிகழ்ச்சி என்று நோட்டீஸில் அடித்துவிட்டு நாம் பாட்டுக்கு நாற்காலியில் சாய்ந்து பார்க்கிறோம். அண்ணாவிக்கு இது வழிபாடு.

“தம்பி, எங்களுக்குள்ள புதுசா வாரது கொறைஞ்சு போச்சு. படிச்சு வேலைக்குப் போறான் பயலுவ. போகட்டும், நல்லதுதான்” என்றார் மகுடக்காரப் பெரியவர். அந்த நல்லதுதான் என்பதை அவர் மனசாரத்தான் சொன்னார். நானும் மனசார வழிமொழிகிறேன். ஒரு சமூகத்துப் பிள்ளைகள் கலையைச் சுமப்பதற்காகவே படிக்காமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. பைக்கில் வந்த அந்த இளைஞர் படித்துக்கொண்டே ஆடுகிறார். இரண்டும் நடக்கட்டும்.

ஆட்டத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேசிலில் பள்ளி மாணவர்களைக் குழுக் குழுவாக ஆடவிட்டு, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அளந்திருக்கிறார்கள். ஒரே அசைவைச் சேர்ந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது, கூட ஆடியவர்களிடம் நெருக்கமும் கூடியிருந்தது. தமுக்குப் பையனிடம் இதைச் சொன்னேன். “அதுக்கு எதுக்குண்ணே பிரேசிலு? விடியக்காலம் எங்க செட்டைப் பாத்தாப் போதாதா?” என்றான்.

சரி, இந்த மண்ணில் ஆட்டம் எப்போதிலிருந்து இருக்கிறது? கரகத்துக்குத் தேதி போட முடியாது. ஆனால் நம் மலையடிவாரத்தில் ஊரார் ஆட்டமும் பாட்டும் ஏட்டில் ஏறிய கதை ஒன்று உண்டு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரம். அந்த ஊர்க்காரர் திரிகூடராசப்பக் கவிராயர், 18-ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் எழுதியது ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’. பந்தாடும் வசந்தவல்லி, குறி சொல்லும் சிங்கி, அவளைத் தேடி அலையும் சிங்கன் என்று மலையும் அருவியும் வேடிக்கைப் பேச்சும் நிரம்பிய நாடகம். வாசிப்பதற்கு மட்டும் எழுதிய நூல் இல்லை, ஆடுவதற்கும் எழுதியது. மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் இதற்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார், அதற்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். ஓர் ஆட்ட நாடகத்துக்கு நிலம்! 1944-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் இதை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். அங்கே உருவான நாட்டிய நாடக வரிசைக்குத் தொடக்கமே நம் குற்றாலம்தான். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் தலைகால் புரிவதில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கரகாட்டத்தோடு சேர்ந்து ஊர் ஊராக நடந்துவந்த குறவன் குறத்தி ஆட்டத்தை 2023-இல் தமிழக அரசு நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தங்கள் சமூகத்தை மேடையில் கேவலப்படுத்துகிறார்கள் என்று குறவர் மக்கள் நெடுநாளாகப் போராடினார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். எடுத்தது சரி. பழையது என்பதற்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. ஒருவரை நோகவைத்துக் கிடைக்கும் சிரிப்பு எந்தப் பெட்டியிலும் பூட்டிப் பாதுகாக்கத் தகுந்ததில்லை.

இப்போது காட்சி மாறுகிறது. குற்றாலம், சீசன் நேரம், சாரல் திருவிழா! கலைவாணர் அரங்கத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள், கொடைக்கு நேர் எதிர் உலகம். அங்கே ஒரு செட்டு ராத்திரி முழுக்க ஆடும், இங்கே பல குழுக்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம். படிக்கட்டில் ஒயிலாட்டக்காரர்கள் வரிசையாகத் தலைத் துண்டு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மயிலாட்டப் பெண் இறகுக் கூட்டோடு கதவுக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டாகத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். பொய்க்கால் குதிரைக்காரர் கட்டையைக் காலில் கட்டிவிட்டதால் உட்காரவும் முடியாது, அதனால் குதிரையோடு சுவரில் சாய்ந்து நின்றபடியே டீ குடிக்கிறார். அறிவிப்பாளர் அடுத்த குழு எங்கே எங்கே என்று ஓடுகிறார். தரை ஈரம், கால் வழுக்கும், அதனால் எல்லாரும் மேடைப் பலகையை முன்கூட்டியே காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அருவியில் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து உட்கார்ந்திருக்கும் சுற்றுலாக்காரர்கள் முன்வரிசையில்.

கொடையில் ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்த அவசரம் பிடிப்பதில்லை. “சூடு ஏறதுக்குள்ள எறங்கச் சொல்லுதாவ” என்று ஒருவர் என்னிடம் முணுமுணுத்தார். நியாயம்தான். ஆனாலும் இந்த மேடையில் ஒரு நன்மை உண்டு. மதுரையிலும் சென்னையிலும் இருந்து வந்த பிள்ளைகள் அருவிக்கு வந்த இடத்தில் முதன்முதலாகக் கரகத்தைப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்த ஒரு சிறுமி அம்மாவின் தண்ணீர் பாட்டிலைத் தலையில் வைத்து நடந்துகொண்டிருந்தாள். பாட்டில் விழுந்தது. மறுபடி வைத்தாள்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, நாட்டுப்புற நடனமும் அதில் ஒரு போட்டி. மாநில அளவில் ஜெயித்தால் கலையரசன், கலையரசி என்று பட்டம். பிள்ளைகள் பரிசுக்காகச் சேர்கிறார்கள், தோழி சேர்ந்தாள் என்பதற்காகச் சேர்கிறார்கள், கணக்குப் பாடவேளையில் ஒத்திகைக்குப் போகலாம் என்பதற்காகவும் சேர்கிறார்கள். சேரட்டுமே! கோவில்பட்டிப் பக்கத்தில் ராஜகம்பளத்து நாயக்கர்கள் தங்கள் வீட்டு விசேஷங்களில், தேவதுந்துபியின் அடிக்கு மட்டும் ஆடிவந்த தேவராட்டத்தை இன்று கல்லூரிப் பெண்கள் சேர்ந்து ஆடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஒரு கதவு திறந்தது பெரிய காரியம். திறந்த கையோடு, அந்த அடவு யாருடையது, யாரிடமிருந்து வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

நாம் கொடை பார்க்க வந்த கிராமத்தை ஒட்டிய கடையநல்லூர் என்றதும் நெசவும் சிங்கப்பூரும் நினைவுக்கு வராதவர்கள் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்கள். தறியை விட்டுவிட்டுக் கப்பலேறிய முஸ்லிம் குடும்பங்கள் அங்கே 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்தார்கள். போர் முடிந்த மறுவருஷமே, 1946-இல், உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். ஊர்ப் பெயரில் சங்கம், சீறாப்புராணம் பாடியவர் பெயரில் பள்ளி! கடல் கடந்து போனவர்களுக்கு ஊர் என்பது தெருவோ வீடோ மட்டும் இல்லை, பிள்ளை எந்த மொழியில் அம்மாவைக் கூப்பிடுகிறது என்பதும்தான். ஆட்டத்தையும் மதத்தின் பேரால் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. கையில் கம்போடு வட்டமாகச் சுற்றி வந்து அடித்து ஆடும் களிகம்பு தமிழ் முஸ்லிம்களுடைய ஆட்டம். கோலாட்டம் ஆடும் கைகளுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

வராந்தாவுக்குத் திரும்பிவிடுவோம், அங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கரகம் தலையில் ஏறும்வரை இந்தப் பெண்களைக் கூட்டம் வேறு கண்ணால் பார்க்கிறது. வராந்தாக் கம்பி வழியாக எட்டிப் பார்த்து இளைஞர் கூட்டம் அடித்த விசிலை நான் கேட்டேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழகிவிட்டது என்றார். அது பழக வேண்டிய விஷயமா? 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படப் பாட்டை நாகஸ்வரத்தில் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறோம், கைதட்டுகிறோம், ஆனால் கரகாட்டக்காரியின் மகளுக்கு வரன் பார்க்கும்போது தொழிலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போதுதான் அந்த அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு, “அதை விடுங்க, பூவை எடுங்க” என்றார்.

கூலியும் இருக்கிறது. பேசும்போது ஒரு தொகை, விடிந்ததும் கையில் வேறு தொகை என்பது எல்லாச் செட்டும் பார்த்த கதை. வேன் வாடகை, டீசல், துணி, மேக்கப் எல்லாம் அதற்குள்தான். மழைக்காலத்தில் கொடை இல்லை, வருமானமும் இல்லை. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2007-இல் நலவாரியம் வந்தது. உறுப்பினர் அட்டை இருந்தால் உதவித்தொகைகள் உண்டு. மாவட்டந்தோறும் வயது வரிசைப்படி விருதும் உண்டு. 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. நான் பார்த்த செட்டில் சிலரிடம் வாரிய அட்டை இருந்தது, சிலரிடம் காலாவதியான அட்டை, சிலர் எடுக்கவே இல்லை. பகலில் தூங்கி ராத்திரி ஆடுகிறவர்களுக்கு அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் போய் வரிசையில் நிற்பது லேசான காரியமில்லை.

விருது என்றதும் இன்னொரு பட்டியலும் நினைவுக்கு வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் முடியேற்று 2010-இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. குஜராத்தின் கர்பா 2023-இல் ஏறியது. தமிழ்நாட்டு நாட்டுப்புற ஆட்டம் எதுவும் அதில் இன்னும் இல்லை. ஏறினால் சந்தோஷம்தான், நானே பட்டாசு வெடிப்பேன்! ஆனால் 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காக பத்மஸ்ரீ கிடைத்தபோது எத்தனையோ பறைக் குழுக்களில் பொங்கிய மகிழ்ச்சியைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பட்டியலைவிட ஒரு மனிதரின் பெயர் சத்தமாகக் கேட்பதுதான் வாத்தியம் பிடித்திருக்கும் கைகளுக்கு உரம்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கொடைக்கு நோட்டீஸ் அடிக்கும்போது வரிதாரர் பெயர்களும் விழாக் கமிட்டியார் பெயர்களும் முழுப் பக்கத்துக்குப் போகின்றன. போகட்டும். கடைசி வரியில் இரவு கரகாட்டம், கணியான் கூத்து என்று மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். அண்ணாவியின் பெயர், பின்பாட்டுக்காரர் பெயர், மகுடம் அடிப்பவர்கள், வேடம் கட்டுகிறவர்கள், கரகம் எடுக்கும் பெண்கள், தமுக்கு அடிக்கும் பையன் வரை எல்லாருடைய பெயரையும் கேட்டுப் போடுங்கள், அவர்கள் எந்த ஊர் என்பதையும் சேர்த்து. கூலியை நோட்டீஸ் அடிக்கும் அன்றைக்கே பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். மீதியை விடிந்ததும், பேசிய தொகை குறையாமல், வேன் கிளம்புமுன் கையில் கொடுங்கள்.